பார்வை செல்லும் வழியே வண்டி செல்லும்

பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலே, பிள்ளைக்கு 17 வயது நெருங்கும்போது ஒரு வழக்கு எழுவதுண்டு. மோட்டார் சைக்கிள் வேண்டும் என்பது பிள்ளையின் கட்சி. கூடாது என்பது பெற்றோரின் கட்சி. பெற்றோரின் அச்சம் ஆதாரமற்றதன்று. இந்நாட்டு வீதிப் போக்குவரத்தில் மோட்டார் சைக்கிளின் பங்கு ஏறத்தாழ நூற்றில் ஒன்றே. ஆயினும் 2023 ஆம் ஆண்டில் இங்கு வீதி விபத்துக்களில் மாண்ட 1,624 பேருள் 315 பேர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதாவது, ஏறக்குறைய ஐவருள் ஒருவர்.

எமது இல்லத்திலும் அவ்வழக்கு எழுந்தது. "உங்களுக்கு அதைப் பற்றி என்ன தெரியும், அம்மா?" என்று மகன் பணிவாகவே வினவினான். அவ்வினாவில் நியாயம் இருந்தது. ஊரிலே பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய சிறு மோட்டார் சைக்கிள்களைக் கண்டதும், அவற்றின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றதுமே எமது அனுபவம். அறியாத ஒன்றுக்கு அனுமதி வழங்குவதும் தகாது. அறியாமலே மறுப்பதும் தகாது. ஆதலின், விடை கூறுமுன் நாமே கற்றறிவது எனத் துணிந்தோம்.

முதற்படி, 1990 ஆம் ஆண்டில் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்த கட்டாய அடிப்படைப் பயிற்சி ஆகும். அதனை நிறைவு செய்த 17 வயதினர் 125 சி.சி. வரையிலான வண்டியை 'எல்' பலகையுடன் இரண்டு ஆண்டுகள் ஓட்டலாம். 24 வயது நிரம்பியவர்கள் அப்பயிற்சியின் பின் பெரிய வண்டியிலேயே நேரடியாகப் பரீட்சைக்குத் தோற்றலாம். கற்பதாயின் முழுமையாகக் கற்போம் என்று நாம் அவ்வழியைத் தெரிவு செய்தோம்.

அதற்குமுன் எழுத்தறிவுப் பரீட்சை ஒன்று உண்டு. 50 வினாக்களில் 43 க்குச் சரியான விடை அளித்தல் வேண்டும். அத்துடன் 14 காணொளிகளைப் பார்த்து ஆபத்து உருவாகும் தருணத்தை இனங்கண்டு, 75 புள்ளிகளில் 44 பெறல் வேண்டும். ஒரு காலத்தில் இவ்வினாக்களைத் தமிழ்க் குரலில் கேட்கும் வசதி இருந்தது. 2014 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. எனவே ஆங்கிலத்திலேயே படித்தோம். சனிக்கிழமைகளில் மகனுக்கு நாம் தமிழ்ச் சொல்வதெழுதல் சொல்வோம். ஏனைய நாட்களில் வீதி விதிகளை அவன் எமக்குச் சொல்லிக்கொடுப்பான். ஆசிரியரும் மாணவரும் இடம் மாறிய அந்த மாலைகள் இனியவை.

பின்னர் பெரிய வண்டி எம்முன் நிறுத்தப்பட்டது. பரீட்சைக்குரிய பெற்றோல் வண்டி 595 சி.சி.க்கும் 50 கிலோவாற் வலுவுக்கும் குறையாததாக இருத்தல் வேண்டும். எமக்குக் கிடைத்ததன் நிறை ஏறக்குறைய 200 கிலோ. எமது நிறையோ 54 கிலோ. இருக்கையில் அமர்ந்தபோது இரு பாதங்களினதும் விரல்நுனிகள் மாத்திரமே நிலத்தைத் தொட்டன. இதனை எவ்வாறு தாங்குவது என்று மலைத்தோம்.

பயிற்றுநர் முதலில் வண்டியை ஓட்டச் சொல்லவில்லை, தள்ளச் சொன்னார். நேராக நிற்கும் வண்டியின் பாரம் முழுவதையும் இரு சக்கரங்களும் சுமக்கின்றன. அதனை நேராக வைத்திருக்க ஒரு கை போதும். ஒரு பக்கம் சாயத் தொடங்கினால், சாயும் அளவுக்கு ஏற்பப் பாரம் பெருகும். ஓர் எல்லையைத் தாண்டினால் பலசாலியாலும் நிறுத்த இயலாது. ஆதலால் தாங்கும் வலிமை எமக்குத் தேவைப்படவில்லை. சாயவிடாத கவனமே தேவைப்பட்டது. இருக்கையில் சற்று ஒருபுறம் நகர்ந்து இடது பாதத்தை முழுமையாக ஊன்றி, வலது பாதத்தைப் பின் பிரேக்கில் வைத்துக்கொள்ளவும் பழகினோம். யானையின் பாரத்தைப் பாகன் சுமப்பதில்லை அல்லவா?

செய்முறைப் பரீட்சை 2009 முதல் இரு பகுதிகளாக நடைபெறுகின்றது. முதற்பகுதி வாகனப் போக்குவரத்து இல்லாத திடலில் நிகழ்வது. வேகமாக ஓட்டுவதே கடினம் என்று எண்ணியிருந்த எமக்கு, மெதுவாக ஓட்டுவதே கடினம் என்பதை அத்திடல் உணர்த்தியது. கூம்புகளுக்கிடையே வளைந்து செல்லல், எட்டு வடிவில் சுற்றல், நடை வேகத்தில் நேராகச் செல்லல், குறுகிய இடத்தில் அரைவட்டமாகத் திரும்பல் என்பன அங்கு சோதிக்கப்படும். வேகமாகச் செல்லும் வண்டி தன் ஓட்டத்தாலேயே நிமிர்ந்து நிற்கும். மெதுவாகச் செல்லும் வண்டியை நாமே நிமிர்த்தி வைத்தல் வேண்டும். கிளச்சைப் பாதியளவில் பிடித்து, எஞ்சினைச் சீராக இயக்கி, பின் பிரேக்கை மெல்ல அழுத்தினால் அது அடங்கி நடக்கும்.

அதற்கும் மேலானது பார்வை. கூம்பைப் பார்த்தால் வண்டி கூம்பிடமே செல்லும். நிலத்தைப் பார்த்தால் நிலத்தையே நாடும். திரும்பி முடிக்கவேண்டிய இடத்தைப் பார்த்தால், தலையைத் தோளும் தோளைக் கையும் பின்தொடர, வண்டியும் அங்கே செல்லும். பயிற்சியின் பெரும்பகுதி, அஞ்சும் பொருளைப் பாராதிருக்கக் கண்களைப் பழக்குவதிலேயே கழிந்தது.

அத்திடலிலே மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் இரு பயிற்சிகளும் உண்டு. ஒன்று, பரீட்சகர் கையை உயர்த்தியதும் சறுக்காமல் நிறுத்தல். முன் பிரேக்கைத் திடீரென இறுக்காமல் படிப்படியாக அழுத்தினால், பாரம் முன்சக்கரத்துக்கு மாறி அதன் பிடிப்பை வலுப்படுத்தும். மற்றையது, எதிர்ப்படும் தடையை விலக்கிச் செல்லல். இடப்புறம் செல்ல வேண்டின் இடது கைப்பிடியை முன்னே தள்ளல் வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் வலப்புறம் நோக்க, வண்டி இடப்புறம் சாய்ந்து அப்பக்கமே வளையும். மாணவர்களே, துவிச்சக்கர வண்டி ஓட்டும்போது நீங்களும் இதனையே அறியாமற் செய்கின்றீர்கள். அந்த வேகத்தில் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் கடந்துவிடும். சிந்தித்துச் செய்ய நேரமில்லை. பழகிய கை மாத்திரமே உதவும். பரீட்சை நாளில் எமது கை அதனைச் செய்தது.

இரண்டாம் பகுதி வீதியிலே சுமார் 40 நிமிடம். பின்னே வரும் பரீட்சகரின் குரல் தலைக்கவசத்தினுள் ஒலிக்கும். திரும்புமுன் கண்ணாடியில் பார்ப்பதுடன் அமையாது, தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பியும் பார்த்தல் வேண்டும். கண்ணாடி காட்டாத வாகனத்தை அப்பார்வையே காட்டும். 'கார் ஓட்டுபவர் என்னைக் காணவில்லை' என்று கொண்டே ஒவ்வொரு சந்தியையும் அணுகுதல் வேண்டும் என்பதும் அங்கு நாம் கற்றதே. இப்போது நாம் காரைச் செலுத்தும்போதும் சந்தியில் ஒரு தடவைக்கு இரு தடவை பார்க்கின்றோம். "சித்தி" என்று பரீட்சகர் கூறியபோது மகிழ்ந்தோம். மகனுக்குரிய விடை இப்போது எம்மிடம் இருக்கின்றது என்பதே அம்மகிழ்ச்சியின் பெரும்பகுதி.

அவ்விடை முழுமையான 'ஆம்' அன்று. முழுமையான 'இல்லை'யும் அன்று. அடிப்படைப் பயிற்சிக்குச் செல்லலாம். பாதுகாப்பு மேலங்கி, கையுறை, சப்பாத்து ஆகியவற்றின் பின்னரே வண்டி வாங்கலாம். முதலாம் ஆண்டில் இரவு ஓட்டம் வேண்டாம் என்றோம். முன்னைய மறுப்புடன் வாதிட்ட மகன், இந்நிபந்தனைகளுடன் வாதிடவில்லை. காரணங்களைக் கேட்டான், கூறினோம். எமது அச்சம் அகன்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் எதற்கு அஞ்சவேண்டும் என்பதை இன்று அறிவோம்.

பெற்றோர்களே, பிள்ளைகள் விரும்பும் யாவற்றையும் நாம் கற்றுத்தேற இயலாது. ஆயினும் மறுக்குமுன் ஓரளவேனும் அறிய முயல்வோம். மாணவர்களே, வண்டியைத் தாங்க உங்கள் தோள்வலிமை போதும் என்று எண்ணாதீர்கள். செல்லவேண்டிய இடத்தில் கண்ணை வையுங்கள். திரும்புமுன் தோளுக்கு மேலாக ஒருமுறை பாருங்கள்.