கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு, பழைய கஞ்சிலில்

அக்காள் மகனுக்கு 25 வயது. வீடு கிள்ளானில், வேலை பிரிக்பீல்ட்ஸில். மூன்று வருஷமாக மோட்டாரில் மழையில் நனைந்து அலுத்துப்போனவன், ஒருநாள் 60,000 வெள்ளிக் காருக்கான விலைத்தாளோடு வந்து நின்றான். பெரிய திரை, தோல் இருக்கை, அகலமான சக்கரம்.

"மாசம் 635 வெள்ளிதான் மாமா. ஒன்பது வருஷம்."

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் என்கூட வா" என்றேன்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு என் கஞ்சிலில் கிளம்பினோம். 1994-இல் பெரோடுவா முதன்முதலில் விற்ற கார் அது. 2009-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் மோட்டாரிலிருந்து காருக்கு மாறியது அதில்தான். என்னுடையது 2003-இல் வாங்கியது. அவன் முழங்காலை மடக்கி, முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்தான்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் 2018 முதல் டோல் கிடையாது. நெரிசல் மட்டும் இலவசமாகத் தொடர்கிறது. ஷா ஆலம் தாண்டுவதற்குள் வண்டி நடைவேகத்துக்கு வந்துவிட்டது. பக்கத்தில் தனித்தடத்தில் மோட்டார்கள் பறந்தன. தினமும் தான் போகும் தடத்தை அவன் ஏக்கத்தோடு பார்த்தான். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய ஜெர்மன் கார். கோலாலம்பூர் எல்லை வளைவுவரை அதுவும் நாங்களும் ஒரே வேகம்.

பிரிக்பீல்ட்ஸ் ஒரு காலத்தில் செங்கல் சூளைகளும் பிறகு ரயில்வே குடியிருப்புகளும் இருந்த இடம். அந்தத் தெருக்களில் இன்றைய கார்களை நிறுத்துவது தனி வித்தை. துன் சம்பந்தன் சாலையில் இடமில்லை. ஸ்காட் சாலைப் பக்கம் கந்தசுவாமி கோயிலைச் சுற்றி வந்ததில், இரண்டு வேன்களுக்கு நடுவே ஓர் இடுக்கு கிடைத்தது. கஞ்சில் நுழைந்துகொண்டது.

தேத்தாரே கடையில் அந்த விலைத்தாளைத் திருப்பிப்போட்டுக் கணக்குப் போட்டோம். 10 விழுக்காடு முன்பணம் போக, கடன் 54,000. ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலைவட்டி. கடன் குறையக் குறைய வட்டி குறையாது. முதல் தொகைக்கே ஒன்பது வருஷமும் வட்டி. ஆக, வட்டி மட்டும் 14,580 வெள்ளி. "ஐந்து வருஷத்தில் கட்டினால்?" என்று கேட்டான். மாதம் 1,035. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. விற்பனையாளர் காரின் விலையைக் குறைக்கவில்லை, வருஷத்தை நீட்டியிருக்கிறார்.

இப்போது 40,000 வெள்ளிக் கார். கடன் 36,000, ஐந்து வருஷம். மாதம் 690, வட்டி 5,400. அவன் ஒத்துக்கொண்ட 635-ஐவிட 55 வெள்ளிதான் அதிகம். ஆனால் 34 வயதில் முடியவேண்டிய கடன் 30-லேயே முடிந்துவிடும்.

2023 பிப்ரவரியில் புதிய அக்சியா வந்தபோது ஜி வகை 38,600, ஏவி வகை 49,500. இரண்டிலும் அதே 1.0 லிட்டர் இயந்திரம். சாலை வரியும் அதே 20 வெள்ளி; 1.5 லிட்டர் என்றால் 90. மலிவு வகை வாங்கும்போது திரையை விடலாம், தோல் இருக்கையை விடலாம். காற்றுப்பை எத்தனை, சறுக்கல் தடுப்பு இருக்கிறதா என்பதை மட்டும் விடக்கூடாது. அதில் நான் கறார்.

உண்மையைச் சொன்னால், வேலைக்கு மட்டும் என்றால் அவனுக்குக் காரே தேவையில்லை. கிள்ளானில் கொமுட்டர் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம், நடைதூரத்தில் அலுவலகம். ஆனால் அக்காவுக்கு முழங்கால் வலி. மருத்துவமனைக்கு மோட்டாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போக முடியாது. கார் வேண்டியது அதற்குத்தான்.

"அம்மா ஏறி இறங்க கதவு அகலமா இருக்கணும்" என்றான் திடீரென்று. விலைத்தாளில் இருந்த எதுவும் அதைச் சொல்லவில்லை.

தேத்தாரே ஆறிக்கொண்டிருந்தது. அவன் கைப்பேசியை எடுத்து விற்பனையாளருக்கு எழுதினான்: கீழ் வகை ஒன்றைக் காட்ட முடியுமா, சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிவருகிறேன்.

கொஞ்சம் யோசித்து இன்னொரு வரியும் சேர்த்தான்: நீல நிறத்தில் இருக்கிறதா?