அரிக்கமேட்டில் ஒரு சிவப்பு மணி

பாண்டிக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு ஊர் சுத்திக் காட்டுறது பெரிய வேலையே இல்லை. பீச், மணக்குள விநாயகர், ஆரோவில், வழியில ஏதாவது ஒரு பேக்கரி. ஒரே நாள்ல முடிஞ்சிடும். ஆனா போன மாசம் கனடாவுல இருந்து வந்த எங்க அத்தை பையன், "மச்சான், அரிக்கமேடு போலாம்"னு ஒத்தக்கால்ல நின்னான். நான் இங்கயே பொறந்து வளர்ந்தவன். ஸ்கூல்ல ஒரு தடவை கூட்டிட்டுப் போனாங்க. ஞாபகம் இருக்கிறது அன்னைக்குச் சாப்பிட்ட புளிசாதம் மட்டும்தான் :-)

அவன் கேட்டதுக்குக் காரணம் இருக்கு. அவன் இருக்கிறது சுப்பீரியர் ஏரிக்கரையில தண்டர் பேங்கிற ஊர்ல. அங்க ஃபோர்ட் வில்லியம்னு ஒரு பழைய வியாபாரக் கோட்டை இருக்காம். (கல்கத்தா கோட்டைக்கும் அதே பேரு, குழப்பிக்காதீங்க.) நார்த் வெஸ்ட் கம்பெனி 1803-ல இருந்து ஒவ்வொரு கோடையிலயும் அங்க கூடி, பீவர்ங்கிற பிராணியோட தோலை வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பியிருக்கு. அங்க அதைத் தொப்பியா பண்ணுவாங்க. தோலைக் கொண்டு வந்து கொடுத்தவங்கள்ல முக்கியமானவங்க ஒஜிப்வேங்கிற பூர்வகுடி மக்கள். அசல் கோட்டை இருந்த இடம் ரயில்வே யார்டா மாறிட்டதால, 1970-கள்ல ஆத்தோட கொஞ்சம் மேல தள்ளி மொத்தத்தையும் மறுபடி கட்டியிருக்காங்க. கோட்டைக்கு வெளியே ஒஜிப்வே குடியிருப்பும் உண்டு. மரப்பட்டையில எப்படிப் படகு செய்யிறதுன்னு காட்டுறாங்களாம்.

"தோலுக்குப் பதிலா என்ன கொடுத்தாங்க?"ன்னு கேட்டேன்.

"கம்பளி, துப்பாக்கி, பானை. அப்புறம் கண்ணாடி மணி. வெனிஸ்ல செஞ்ச குட்டிக் குட்டி மணி. அதைத் தோல்ல வெச்சு ஒஜிப்வே பொம்பளைங்க பூப்பூவா தைப்பாங்க பாரு, அப்படி இருக்கும். அவங்க மொழியில மணிக்கு இருக்கிற பேருக்கு ஆவியோட குட்டிப் பழம்னு அர்த்தம் வருமாம் மச்சான். அரிக்கமேட்டுலயும் மணின்னு படிச்சேன், அதான் பாக்கணும்."

சரி, பைக்கை எடுத்தாச்சு. கடலூர் ரோட்டுல நாலு கிலோமீட்டர், அரியாங்குப்பத்துல இடது பக்கம் திரும்பி காக்காயன்தோப்பு. மாமரம், தென்னை, ஆத்தங்கரை. அவ்வளவுதான். ஓங்கி நிக்கிறது ஒரு பழைய செங்கல் கட்டடத்தோட மிச்சம். அதைப் பார்த்துட்டு "ரோமானியர் கட்டினதா?"ன்னு கேக்காத ஆளே இருக்க மாட்டாங்க. இல்லை. அது 1770-கள்ல பிரெஞ்சுப் பாதிரியார் பிக்னோ நடத்தின செமினரி. ஆயிரத்தி எழுநூறு வருஷம் தள்ளி வந்தது.

அசல் சமாச்சாரம் எல்லாம் காலுக்கு அடியில இருக்கு. இதை முதல்ல எழுதி வெச்சவங்கள்ல லெ ஜான்தி முக்கியமானவர். பாவப்பட்ட மனுஷன். சூரியனைச் சுக்கிரன் கடக்கிறதைப் பாக்க பிரான்ஸ்ல இருந்து கிளம்பினார். 1761-ல பாண்டிச்சேரி வெள்ளைக்காரன் கையில போயிட்டதால இறங்க முடியலை. எட்டு வருஷம் இந்தப் பக்கமே சுத்திட்டு 1769-ல இங்க வந்து உக்காந்தா, அன்னைக்குப் பாத்து மேகம்! அந்த மனுஷன் இங்க இருந்தப்ப வீராம்பட்டினம் பக்கம் பழைய செங்கல் சுவரையும் உறைகிணத்தையும் பார்த்துக் குறிச்சு வெச்சார்.

அப்புறம் 1937-ல, பாண்டிச்சேரியில வாத்தியாரா இருந்த ஜூவோ-துப்ரேய்கிட்ட ஊர்ப் பசங்க பொறுக்கின மணியையும் கல்லையும் கொண்டு வந்து கொடுத்தாங்க. ஒரு கல்லுல செதுக்கியிருந்த முகத்தை அகஸ்டஸ் சீசர்னு அவர் நினைச்சார். 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினார். இத்தாலியில செஞ்ச சிவப்பு மண்பாண்டம், ஒயின் கொண்டு வந்த ஆம்போரா ஜாடித் துண்டு, தமிழி எழுத்து கீறின ஓடு எல்லாம் கிடைச்சுது. அதோட இந்த இடம் 'ரோமானிய வணிக நிலையம்' ஆயிடுச்சு. கிரேக்க மாலுமி ஒருத்தர் எழுதின பெரிப்ளஸ்ல வர்ற பொதுகே இதுதான்னு பலரும் ஒத்துக்கிட்டாங்க. 1989-ல இருந்து 1992 வரைக்கும் விமலா பெக்லி குழு திரும்பத் தோண்டினப்பதான், ரோமானியச் சரக்கு வர்றதுக்கு முன்னாடியே இங்க ஊர் இருந்துச்சுன்னும், அது நின்ன பிறகும் ஊர் ஓடிச்சுன்னும் தெளிவாச்சு.

எனக்கு இதுல ஒரு கடுப்பு உண்டு. வாங்க வந்தவன் பேரு மட்டும் நிக்குது. உக்காந்து செஞ்சவனைப் பத்தி யாரும் பேசறதில்லை. (வெளிநாட்டு கிளையண்ட்டுக்கு கோடு எழுதுறவன் இதைச் சொல்றது வயித்தெரிச்சல்னு நினைச்சா நினைச்சுக்கோங்க.)

அந்த மணி வேலை லேசுப்பட்டது இல்லைங்க. உருக்கின கண்ணாடியை இரும்புக் குழாய்மேல பெரிய கூம்பாத் திரட்டி, நடுவுல ஓட்டையோட சூளைக்குள்ள வெச்சு, ஒரு ஆள் அதை நூல் மாதிரி நீளமா இழுத்துக்கிட்டே இருக்கணும். ஓட்டை அடைபடவும் கூடாது, இழை அறுபடவும் கூடாது. அப்புறம் துண்டு துண்டா ஒடிச்சு, சாம்பலோட கலந்து சூடு காட்டினா முனை மழுங்கி உருண்டையாயிடும். இதே முறையை ஆந்திராவுல பாப்பாநாயுடுபேட்டைக்காரங்க 20-ம் நூற்றாண்டு கடைசி வரைக்கும் கைவிடலை. பீட்டர் ஃபிரான்சிஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் அதைப் பார்த்துத்தான் அரிக்கமேட்டு மணியைப் புரிஞ்சுக்கிட்டார். இந்த வகை மணி கிழக்கு ஆப்பிரிக்காவுல இருந்து கொரியா வரைக்கும் கிடைக்குது. ஒஜிப்வே கதையில மணி வெளியூர்ல இருந்து வந்துச்சு. நம்ம கதையில இங்கருந்து போச்சு. அத்தை பையனுக்கு இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

முந்தின நாள் மழை பெஞ்சிருந்துச்சு. ஆத்தோரம் மண்ணு சரிஞ்ச இடத்துல அவன் குனிஞ்சு எதையோ எடுத்தான். கடுகை விடக் கொஞ்சம் பெருசு. செங்கல் கலர் சிவப்பு. நடுவுல ஓட்டை! கையில வெச்சு ரெண்டு பேரும் மூச்சு விடாம பார்த்தோம்.

ஆடு மேச்சிட்டிருந்த ஒரு அம்மா, "மழை பெஞ்சா வரும் தம்பி. சின்ன வயசுல நாங்க பொறுக்கிக் கோத்துப் போட்டுக்குவோம்"னாங்க.

"மச்சான், பாப்பாவுக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டுப் போகவா?"

தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம்டா, எடுக்கக் கூடாதுன்னேன். அவன் முகம் சுருங்கிடுச்சு. ஆனாலும் எடுத்த இடத்துலயே வெச்சு விரலால மண்ணுக்குள்ள அமுக்கினான். அந்த அம்மா சிரிச்சாங்க. "நீ வெச்சிட்டுப் போ. அடுத்த மழைக்கு ஆறு கொண்டு போயிடும்."

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. மேட்டுல ஒரு பகுதியை ஆறு ஏற்கனவே அரிச்சுத் தின்னிருக்கு.

மத்தியானம் செயின்ட் லூயி தெரு மியூசியத்துக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள அரிக்கமேட்டுச் சாமான் இருக்கு. அவன் ரொம்ப நேரம் நின்னான். "அழகா இருக்கு மச்சான். ஆனா எப்படிச் செஞ்சாங்கன்னு யாரும் காட்டலையே"ன்னான்.

நமக்குத் திரும்பக் கட்டத் தெரியாதுன்னு இல்லை. பீச் ரோடு மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில பொலபொலன்னு விழுந்துச்சு. அதே மாதிரி திரும்பக் கட்டி 2021-ல திறந்தாச்சு. எனக்கும் சந்தோஷம்தான். அரிக்கமேட்டுல ரோமானியத் தூண் எல்லாம் எழுப்ப வேண்டாம், ஃபைபர்ல சீசர் சிலை வெச்சு செல்ஃபி பாயிண்ட்டும் வேண்டாம் (யாராவது ஐடியா கொடுத்துடப் போறாங்க). தோண்டாத இடத்தைத் தொடாம, தள்ளி ஒரு கீத்துக் கொட்டகை. ஒரு சூளை. கண்ணாடி இழுக்கத் தெரிஞ்ச ரெண்டு பேருக்கு மாசச் சம்பளம். இழுத்த மணியை வாசல்ல வித்தா, அத்தை பையன் மாதிரி ஆளுங்க மண்ணுல கை வைக்காம காசு கொடுத்து வாங்கிட்டுப் போவாங்க.

கொசுறு: போறவங்க காலையிலயே போயிடுங்க. தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க, பக்கத்துல கடை கிடையாது. மழை பெஞ்ச மறுநாள்னா கீழ பார்த்து நடங்க. பாருங்க, எடுக்காதீங்க.