பினாங்குப் பயணமும் ஒரு பிடிக் கச்சானும்

பினாங்கு என்ற பெயரைக் கேட்டாலே தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்ட மாதிரி இருக்கும். நம் தாத்தா பாட்டிமார் பலர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்து, முதன்முதலாக இந்த நாட்டைக் கண்ணால் கண்டது அங்கேதான். அவர்களுக்குப் பின் வந்த நாம், பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டிறங்கி, மூட்டை முடிச்சுகளோடு ஃபெர்ரியில் ஏறி, கடற்காற்று முகத்தில் அடிக்க அக்கரைக்குப் போனோம். 1985இல் முதல் பாலமும் 2014இல் இரண்டாவது பாலமும் வந்தன. அந்தப் பழைய பெரிய ஃபெர்ரிகளும் 2020ஆம் ஆண்டோடு ஓய்வு பெற்றுவிட்டன. 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. இப்போதோ மலிவு விலையில் விமானச் சீட்டு கிடைக்கிறது. ஜொகூரில் செம்பனைக் காட்டில் வேலை பார்க்கும் குடும்பம்கூடக் காலையில் பசியாறிவிட்டுப் புறப்பட்டு, மதியச் சாப்பாட்டுக்கு ஜார்ஜ் டவுனில் உட்கார்ந்துவிடலாம்.

ஆனால், எல்லா வீட்டிலும் இந்தப் பயணம் சந்தோஷமாக மட்டும் தொடங்குவதில்லை. கச்சான் ஆகாத பிள்ளை இருக்கும் வீட்டில், பெட்டி கட்டும்போதே தாயின் வயிற்றில் நெருப்புப் பற்றிக்கொள்கிறது. அப்படிப்பட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பத்து நிமிடம்

என் பேரனுக்கு அப்போது மூன்று வயது. பக்கத்து வீட்டில் பிறந்தநாள் விருந்து. யாரோ அன்பாக ஒரு சத்தே குச்சியைக் குழம்பில் தோய்த்து அவன் வாயில் வைத்தார்கள். சற்று நேரத்தில் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. இருமினான், வாந்தி எடுத்தான், பிறகு துவண்டு போனான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணேறு என்று சொல்லி, உப்பும் மிளகாயும் எடுத்துவந்து மூன்று தடவை சுற்றினேன். பத்து நிமிடம் அப்படியே போயிற்று. நல்ல வேளையாக, தோட்டத்து மருந்தகத்தில் வெகு காலம் டிரெசராக இருந்த பெரியவர் ஒருவரும் விருந்துக்கு வந்திருந்தார். பிள்ளையை ஒரு பார்வை பார்த்தவர், "அம்மா, மிளகாயைக் கீழே போடுங்கள்" என்று அதட்டிவிட்டு, தம் காரிலேயே மருத்துவமனைக்கு அள்ளிக்கொண்டு போனார். அங்கே தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். கண்ணெதிரிலேயே பிள்ளைக்கு மூச்சுத் திரும்பியது.

இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால்? அந்தக் கேள்வி இன்றும் சில இரவுகளில் என்னை எழுப்பி உட்கார வைக்கிறது.

இது என்ன வியாதி?

நம் உடம்பில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஒரு காவல் படை இருக்கிறது. சிலருடைய உடம்பில் அந்தப் படை ஆள் தெரியாமல் அடித்துவிடுகிறது. கச்சானில் உள்ள புரதத்தை எதிரி என்று எண்ணிக்கொண்டு போர் தொடுக்கிறது. தோல் தடிக்கும், தொண்டை அடைக்கும், இரத்த அழுத்தம் சரியும். இந்தக் கடுமையான நிலைக்கு 'அனஃபிலாக்சிஸ்' என்று 1902இல் பெயர் வைத்தவர்கள் ரிஷே, போர்ட்டியே என்ற பிரெஞ்சு அறிஞர்கள். அதற்காக ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே இது செல்லமாக வளர்ந்த பிள்ளையின் அடமும் அல்ல, பட்டணத்து நாகரிகமும் அல்ல. "கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று சொல்லி, தாய்க்குத் தெரியாமல் ஊட்டும் உறவினர்களே! தயவுசெய்து அந்தச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். அது மருத்துவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய காரியம்.

ஆகாயத்தில் ஒரு மணி நேரம்

2016இல் நடாஷா என்ற பதினைந்து வயது ஆங்கிலேயப் பெண் லண்டன் விமான நிலையத்தில் ஒரு ரொட்டி வாங்கித் தின்றுவிட்டு, தகப்பனாரோடு பிரான்ஸ் நாட்டுக்குப் பறந்தாள். அந்த ரொட்டி மாவில் எள் கலந்திருந்தது. உறையில் அது எழுதப்படவில்லை. அவளுக்கு எள் ஆகாது. கையில் இருந்த இரண்டு ஊசிகளைப் போட்டும் பிழைக்கவில்லை. பெற்றோர் அழுது ஓய்ந்துவிடவில்லை, போராடினார்கள். அதன் பயனாக, கடையிலேயே செய்து உறையிட்டு விற்கும் பண்டத்திலும் எல்லாச் சேர்மானங்களையும் எழுத வேண்டும் என்ற சட்டம் 2021 அக்டோபரில் பிரிட்டனில் நடப்புக்கு வந்தது. அதை நடாஷாவின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

"பக்கத்து இருக்கைக்காரர் கச்சான் பொட்டலத்தைப் பிரித்தால் காற்றில் பரவிவிடுமே" என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. விமானத்துக்குள் காற்று மேலிருந்து கீழாக ஓடி, வடிகட்டப்பட்டு, மணிக்கு இருபது தடவைக்கு மேல் மாறுகிறது. 2024இல் பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வும், கடலைத் தூள் விமானக் காற்றோட்டத்தில் பரவி ஆபத்து விளைவிப்பதற்கு ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது. ஆபத்து காற்றில் இல்லை. கை படும் இடத்தில் இருக்கிறது. முன்னால் பயணம் செய்தவர் தின்ற கடலையின் தூள் இருக்கையிலும் சாப்பாட்டுப் பலகையிலும் ஒட்டியிருக்கும். பிள்ளை அதைத் தொட்டுவிட்டு விரலைச் சப்பினால் போதும்.

ஆகவே நாங்கள் செய்வது இதுதான். சீட்டு வாங்கும்போதும், விமானத்தில் ஏறும்போதும் பணிப்பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். உட்காருமுன் ஈரத்தாளால் பலகை, கைப்பிடி, வார் எல்லாவற்றையும் துடைக்கிறோம். கிருமி போக்கும் குழம்பைக் கையில் தடவினால் கடலைப் புரதம் போகாது; சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அல்லது ஈரத்தாளால் துடைக்க வேண்டும். சாப்பாடு எங்கள் வீட்டுச் சாப்பாடுதான். மருத்துவரின் கடிதமும் ஊசியும் பாட்டியின் மடியில் இருக்கும். ஊசியைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். தலைக்கு மேல் உள்ள அலமாரியிலும் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரிலும் விட்டுவிடாதீர்கள். சூட்டில் மருந்து கெட்டுப்போகும்.

ஒரு பெயர், பல பொருள்

பாயான் லெப்பாசில் இறங்கிப் பட்டணத்துக்குள் வந்தால், உண்மையான பரீட்சை அங்கேதான் ஆரம்பமாகிறது. பினாங்கு சாப்பாட்டு ஊர் அல்லவா!

தமிழகத்தில் வேர்க்கடலை, நிலக்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்று எத்தனையோ பெயர், நமக்குக் கச்சான். ஆனால் மலாய்க்காரர் வாயில் 'கச்சாங்' என்றால் பயறு வகை அனைத்தும் அடங்கும். 'கச்சாங் ஹீஜாவ்' என்றால் பச்சைப்பயறு. 'கச்சாங் தானா' என்றால்தான் நம் கச்சான். நம் தமிழிலும் கடலை என்றால் கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா, நிலக்கடலையா என்று கேட்கத்தானே வேண்டியிருக்கிறது? சீனர் கடைகளில் ஹொக்கியன் பேச்சு. அதில் கச்சானுக்குத் 'தோ தாவ்' என்று பெயர். ஆகவே "கச்சாங் இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "அனாக் சாயா தாக் போலே மாக்கான் கச்சாங் தானா, சிக்கிட் புன் தாக் போலே" என்று சொல்லுங்கள். கொஞ்சமும் கூடாது என்ற அந்தக் கடைசிச் சொல் முக்கியம்.

பாடாங் கோத்தா லாமா கடற்கரையில் பசெம்பூர் கண்ணைப் பறிக்கும். அதன் மேல் ஊற்றும் சிவப்புக் குழம்பில் சர்க்கரைவள்ளியோடு அரைத்த கச்சானும் சேரும். பழ ரோஜாக்கின் மேல் பொடித்துத் தூவுவார்கள். சத்தே குழம்பைச் சொல்லவே வேண்டாம். அப்பம் பாலிக்கின் மடிப்புக்குள் சீனியோடு கச்சான் பொடி. நாசி லெமாக்கில் நெத்திலிக்குப் பக்கத்திலேயே வறுத்த கச்சான். அதை ஒதுக்கிவிட்டுக் கொடுத்தால் போதாது. பட்ட சோறும் ஆகாது. ஐஸ் கச்சாங்கின் பெயரில் இருப்பது சிவப்புப் பயறுதான். ஆனாலும் பல கடைகளில் மேலே கச்சானும் தூவுகிறார்கள். செண்டோலில் வழக்கமாகச் சிவப்புப் பயறும் தேங்காய்ப்பாலும்தான். இருந்தாலும் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

முந்திரி, பாதாம் போன்றவை ஆகாத பிள்ளையானால் நாசி கண்டார் கடையில் குர்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழம்பு கெட்டிப்பட முந்திரியை அரைத்து விடுவது உண்டு. நோன்யா சமையலில் 'புவா கெராஸ்' என்ற கொட்டையை அரைப்பார்கள். சௌராஸ்டா சந்தையில் குவித்து வைத்திருக்கும் ஜாதிக்காய் ஊறுகாயைக் கண்டு மட்டும் மிரள வேண்டாம். பெயரில் காய் என்றும் கொட்டை என்றும் சொன்னாலும் ஜாதிக்காய் ஒரு விதை. இந்தக் கொட்டைக் கூட்டத்தில் சேராது.

இதில் நமக்கு ஓர் ஆறுதலும் உண்டு. இங்குள்ள கடைகளில் பெரும்பாலும் பொரிப்பது நாம் வெட்டித் தள்ளும் செம்பனைக் குலையின் எண்ணெயில்தான், கடலெண்ணெயில் அல்ல. ஆனால் எண்ணெய் நல்லதாயிருந்து என்ன பயன், அதே சட்டியில் முன்பே கச்சான் வறுபட்டிருந்தால்? சட்டியையும் கரண்டியையும் கேளுங்கள். உறையிட்ட பண்டமென்றால் எழுத்தைப் படியுங்கள். கச்சான் உட்பட கொட்டை வகைகள், பால், முட்டை, மீன் முதலியன இருந்தால் உறையில் குறிப்பிட வேண்டும் என்று நம் நாட்டு 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் சொல்கின்றன.

மருந்து போடத் தயங்காதீர்கள்

எவ்வளவு பார்த்தாலும் தவறு நேரலாம். மூச்சு இழுத்தாலோ, தொண்டை கட்டினாலோ, பிள்ளை துவண்டாலோ, முதல் வேலை அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கம், நடுவில், துணிக்கு மேலேயே போடலாம். அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வையுங்கள். எழுப்பி நடக்கவிடாதீர்கள். 999க்கு அழையுங்கள். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. அதனால்தான் இரண்டு வைத்திருக்க வேண்டும். தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம். ஜார்ஜ் டவுனில் பெரிய அரசாங்க மருத்துவமனை ரெசிடென்சி சாலையில் இருக்கிறது. ஊர் சுற்றப் புறப்படுமுன் அந்த வழியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசியின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கைக்குழந்தைக்குக் கச்சானே காட்டக்கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், தாய்மார்களே! 2015இல் லண்டனில் ஓர் ஆராய்ச்சி முடிவு வெளியானது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். முதல் வயதிலிருந்தே கடலை உணவு தின்றவர்களில், ஐந்து வயதில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கே ஒவ்வாமை. அறவே தவிர்த்தவர்களில் 17 பேருக்கு! ஆகவே ஆறு மாதம் வாக்கில், குழைத்து, சிறிதளவாகத் தொடங்குவது நல்லது. கரப்பான் உள்ள குழந்தையானால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். முழுக் கடலை மட்டும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

தண்ணீர்மலையில்

பேரனுக்கு ஏழு வயதானபோது தைப்பூசத்துக்குப் போனோம். இரதம் வரும் பாதையெங்கும் தேங்காய்கள் மலை போல் குவிந்திருந்தன. "தேங்காயும் கொட்டைதானே, பாட்டி?" என்று பயந்தான். அதை அவன் தின்னலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். இருவரும் கைகோத்து 513 படிகளையும் ஏறினோம்.

கீழே இறங்கியதும் ஒரு தண்ணீர்ப் பந்தலில், வயதான அம்மா ஒருவர் அவன் கையில் ஓர் இனிப்பு உருண்டையை வைத்தார். சாமி பெயரால் கொடுப்பதை எப்படி மறுப்பது என்று எனக்கு வாய் வரவில்லை. மூன்று வயதில் அவனுக்கு வந்த ஆபத்தைக் கண்டும், எனக்குள் அந்தக் கூச்சம் போகவில்லை, பாருங்கள்!

அவன்தான் கேட்டான்: "பாட்டி, இதில் கச்சான் இருக்கா?"

அந்த அம்மா திகைத்து நின்றார். பிறகு, "ஆமாம்பா, இருக்கு" என்று சொல்லி உருண்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கோபித்துக்கொள்ளவில்லை. ஈரத்துணியால் அவன் கையைத் துடைத்துவிட்டு, சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துக் கொடுத்தார். "கேட்டது நல்லதாப் போச்சு, சாமி" என்றார்.

அன்பு வாசகர்களே, பினாங்குக்குப் போங்கள். பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுங்கள், மலையைக் காட்டுங்கள், நம் முன்னோர் இறங்கிய கரையைக் காட்டுங்கள். ஆனால் புறப்படுமுன், அந்த ஒரு கேள்வியை வாய் கூசாமல் கேட்கக் கற்றுக்கொடுங்கள். நாமும் கற்றுக்கொள்வோம்.