முதல் விதி

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. உலகத்திலுள்ள மற்றத் தண்ணீரெல்லாம் கை கால் கழுவுவதற்காக ஏற்பட்டது என்பது அவர்கள் அபிப்பிராயம். கடலைப் பற்றிக் கேட்டால், "அதா? புன்னைக்காயல் பக்கம் நம்ம ஆறு போய்ச் சேருகிற இடம்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நானும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவன்தான். அப்படிப்பட்டவன் பாய்மரப் படகுப் பந்தயத்தின் சட்டதிட்டங்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று வாசகர்கள் யூகித்திருப்பார்கள். காரணம் இருக்கிறது. அது அவ்வளவு கௌரவமான காரணம் அல்ல.

சென்னையில் எனக்கு ஒரு நண்பர். கப்பல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்புக்கு ஒருநாள் என்னைப் பந்தயம் பார்க்க அழைத்துப் போனார். 1911-ல் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆரம்பித்த கிளப் அது. துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்தவர். கணிதமேதை ராமானுஜன் 1912-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இவருடைய ஆபீஸில்தான். ராமானுஜனுக்குக் கைகொடுத்தவர் என்பதற்காகவே அந்தப் பெயரை நான் அறிவேன். அவருக்குப் படகுப் பைத்தியமும் உண்டு என்பது எனக்குப் புதிய செய்தி.

பந்தயம் என்றவுடன், வரிசையாக நிறுத்தி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று துப்பாக்கி வெடிப்பார்கள் என்று நினைத்தேன். பாய்மரப் படகை அப்படி நிறுத்தி வைக்க முடியாதாம். காற்றும் நீரோட்டமும் அதைச் சும்மா இருக்க விடுவதில்லை. ஆகவே, கமிட்டிப் படகு ஒன்று நங்கூரம் போட்டு நிற்கிறது. சற்று தூரத்தில் ஒரு மிதவை. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பின்னால், கல்யாண வீட்டில் இலை போடுவதற்கு முன்பு பந்தி வாசலில் நடமாடுகிறவர்களைப் போல, எல்லாப் படகுகளும் இங்குமங்கும் உலாத்திக்கொண்டிருக்கின்றன.

புறப்படுவதற்கு 5 நிமிஷம் இருக்கையில் கமிட்டிப் படகில் ஒரு கொடி ஏறுகிறது. கூடவே ஓர் ஒலி. 4 நிமிஷம் இருக்கையில் இன்னொரு கொடி. நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம். 1 நிமிஷம் இருக்கும்போது அந்த நீலக்கொடி இறங்குகிறது, நீண்ட ஒலியோடு. கடைசியில் முதல் கொடியும் இறங்கினால் பந்தயம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எவனாவது அவசரப்பட்டு முன்கூட்டியே கோட்டைத் தாண்டிவிட்டால், வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடி மேலே போகும். அந்த ஆசாமி திரும்பி வந்து, கோட்டுக்குப் பின்னாலிருந்து மறுபடி புறப்பட வேண்டும்.

"ஒலி எழும்பாமல் போனால்?" என்று கேட்டேன்.

"பாதகமில்லை. கொடிதான் கணக்கு. சத்தம் கேட்கவில்லை என்று யாரும் வழக்காட முடியாது" என்றார் நண்பர்.

யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. இடப்புறத்திலிருந்து காற்று வாங்கும் படகு, வலப்புறத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் காற்று வாங்கிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் போனால், காற்று முதலில் கிடைக்கிற படகு, அதன் மறைவில் போகிற படகுக்கு ஒதுங்கிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கரையில் நாம் நடத்தும் காரியங்கள் பெரும்பாலும் இதற்கு நேர்விரோதமாக அல்லவா இருக்கின்றன!

"எல்லாம் சரி, ரெபரி எங்கே?" என்றேன்.

"ஒவ்வொரு படகிலும் ஒருவர் இருக்கிறாரே, தெரியவில்லையா?" என்றார்.

அவர் சொன்னது படகோட்டியைத்தான். வழிவிட வேண்டியவன் விடாமல் போனால், அவனே ஒதுங்கிப் போய், படகை இரண்டு முழு வட்டம் சுற்றிவிட்டுத் தொடர வேண்டும். மிதவையில் மோதினால் ஒரு வட்டம். தப்பை ஒத்துக்கொள்ளாதவன்மேல் மற்றவன், "புரொட்டஸ்ட்!" என்று அங்கேயே கத்திவிட்டு, கரைக்கு வந்தபின் எழுதிக் கொடுக்கலாம். கமிட்டி இரு தரப்பையும் சாட்சிகளையும் உட்காரவைத்து விசாரிக்கும். மற்றப்படி, நடுக்கடலில் அவனவன் மனசாட்சிதான் விசில்.

விடைபெறும்போது விதிப்புத்தகத்தை என் கையில் கொடுத்தார் நண்பர். உலகப் பாய்மரச் சம்மேளனம் நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை திருத்தி வெளியிடுகிறதாம். இது 2025 முதல் 2028 வரைக்கு உள்ளது. அன்று இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் தூக்கம் வரவில்லை. புத்தகத்தைப் பிரித்தேன். வழிவிடுவதும் வட்டம் சுற்றுவதும் பின்னால் வருகிற சமாசாரங்கள். எண் 1 போட்ட விதி வேறு. ஆபத்தில் இருக்கும் எந்த மனிதருக்கும், எந்தக் கலத்துக்கும், தன்னால் முடிந்த உதவி அத்தனையும் செய்தாக வேண்டும் என்கிறது அது. எவ்வளவு தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தாலும் சரி. அதோடு விடவில்லை. அப்படி உதவப் போய் இடத்தை இழந்தவனுக்குப் பரிகாரம் கேட்கும் உரிமையையும் இன்னொரு விதி கொடுத்திருக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காயும் அல்ல. 1988 ஸோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் பூஸான் நகரக் கடலில் நடந்தன. கனடாக்காரர் லாரன்ஸ் லெமியூ தம் படகில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார். திடீரென்று காற்று முற்றியது. பக்கத்தில் நடந்த வேறொரு பந்தயத்தில் சிங்கப்பூர் படகு ஒன்று கவிழ்ந்து, இரண்டு பேர் தண்ணீரில் தத்தளித்தார்கள். லெமியூ படகைத் திருப்பினார். இருவரையும் தூக்கிக் காப்பாற்றி, ரோந்துப் படகில் ஒப்படைத்துவிட்டுப் பந்தயத்தைத் தொடர்ந்தார். வெகு பின்னால்தான் வந்து சேர்ந்தார். ஆனால் நடுவர்கள் அந்தப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். ஒலிம்பிக்கின் மொத்தக் கணக்கில் அவருக்குக் கிடைத்தது 11-ஆவது இடம்தான், அதனால் என்ன? பியேர் த கூபர்த்தென் பதக்கம் என்ற தனி கௌரவமும் அவரைத் தேடி வந்தது.

புத்தகத்தை மூடினேன். விளக்கை அணைத்தேன். அப்புறம் தூக்கம் அடியோடு போய்விட்டது.

எனக்கு அப்போது 14 வயது. ஆடிக் காற்று மேற்கேயிருந்து அள்ளிக்கொண்டு வரும். மலையில் மழை பெய்து, ஆறு இரு கரையும் தொட்டு ஓடும். தார் வெட்டின வாழைகளை மூங்கில் முளையால் கோத்துத் தெப்பம் கட்டி, நடுவில் ஒரு கம்பு நட்டு, அப்பாவின் பழைய வேட்டியைப் பாயாகக் கட்டி, குறுக்குத்துறையிலிருந்து சுலோசன முதலியார் பாலம் வரைக்கும் பந்தயம் விட்டோம். நான்கு தெப்பங்கள். பாலத்தின் தூணை முதலில் தொட்டவனுக்கு ஒரு பேனா பரிசு. எங்கள் தெருவில் இருந்த வாத்தியார் ஒருவர் பேனாவோடு பாலத்தில் நின்றுகொண்டிருந்தார். விதி அவ்வளவுதான், முதலில் தொடுகிறவன் ஜெயித்தான்.

என் கூட்டாளி முன்னால் போனான். அடுத்தது நான். எனக்குப் பத்துப் பாகம் தள்ளி வந்த சின்னப் பயல் ஒருவன் சுழலில் சறுக்கி விழுந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். 'நீந்தத் தெரிந்தவன்தானே, ஏறிவிடுவான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் தலை ஒரு தடவை முங்கி எழுந்ததையும் பார்த்தேன். அப்புறம் பார்க்கவில்லை, பாலத்தைப் பார்த்தேன். கூட்டாளி பாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தண்ணீரில் குதித்து, என்னைக் கடந்து எதிர்நீச்சல் போட்டுப் போனான்.

தூணைத் தொட்டது நான். வெகுநேரம் கழித்து அவன் ஈரத்தோடு கரைவழியாக நடந்து வந்தான். "ஏன்லே, முன்னால வந்த உன்னைக் காணமே?" என்று வாத்தியார் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. விழுந்த பயலுக்கு அவன் அப்பா ஆற்றுப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். தெரிந்தால் முதுகுத் தோலை உரித்துவிடுவார். அது எனக்கும் தெரியும். வாத்தியார் காதோடு நான் சொல்லியிருக்கலாம். பேனா என் சட்டைப் பையில் இருந்தது. நானும் பதில் சொல்லவில்லை. பிற்பாடு என் முதல் கதையை எழுதியது அந்தப் பேனாவால்தான்.

திருநெல்வேலியில் இறங்கிய மறுநாள் பேனாவை எடுத்துக்கொண்டு பேட்டைக்குப் போனேன். கூட்டாளி அங்கே மரக்கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொல்லி, விதியையும் லெமியூ கதையையும் விளக்கினேன். சாவகாசமாகக் கேட்டார்.

"நல்ல சட்டம்தான் வே. ஆனா, இடத்தைத் திருப்பிக் குடுக்கணும்னா அவங்களுக்கு நடந்தது தெரியணும்லா? வாத்தியாரு பாலத்துல நின்னாரு. நானும் அந்தப் பயலும் சொல்ல முடியாது. பாத்தது நீரு ஒருத்தர்தான்."

குரலில் கோபம் இல்லை. மரத்தின் கன அடியைக் கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். நான் பேனாவை அவர் முன்னால் வைத்தேன். மூடியைக் கழற்றி, பில் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். எழுதவில்லை.

"மை போட்டா எழுதும். நீரே வச்சுக்கிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பரிகாரம் கேட்பதற்கும் விதிப்புத்தகத்தில் ஒரு கால வரம்பு இருக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் கமிட்டி அதை நீட்டிக் கொடுக்கலாம். என்னிடம் தகுந்த காரணம் எதுவும் இல்லை. இருந்தாலும் பேனாவுக்கு மை போட்டேன். பாலத்தில் நின்ற வாத்தியார் இன்று இல்லை. ஆகையால் என் சாட்சியத்தை வாசகர்களிடம் தாக்கல் செய்கிறேன்: அன்று முதலில் வந்தவன் நான் அல்ல.