நான்கு பக்க மடல்

சென்ற ஆண்டு முல்லைத்திணை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "காத்திருப்பது மட்டும் ஏன் எப்போதும் தலைவியின் வேலையாகவே இருக்கிறது, ஐயா?" என்று கேட்டாள். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போனேன். அவள் அமர்ந்துவிட்டாள். அவளுடைய தந்தை 12 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருக்கிறார் என்பது பின்னர்தான் தெரிந்தது. கூத்தாநல்லூரில் இது புதுமையன்று. கடல் கடந்து பொருள் தேடுவது இங்கு தலைமுறைகளாக உள்ள வழக்கம்.

நான் சொன்னது விடையன்று, வெறும் பெயர் என்பது அன்றிரவு முழுவதும் உறுத்திற்று. வகுப்பில் இருபது ஆண்டுகள் பேசிப் பழகிய நாக்கு தடையின்றி ஓடும். ஐயம் குறுக்கிட்டால் குரலைச் சற்று உயர்த்தித் தாண்டிவிடலாம். தாளில் அது இயலவில்லை. 'ஏனெனில்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அரைப் பக்கம் எழுதி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

அதன் பிறகே மாதம் ஒரு மடல் எழுதுவதென்று முடிவு செய்தேன். நான்கு பக்கம், ஒரே கேள்வி, 25 படிகள். பழைய மாணவர்களும் சில நண்பர்களுமே வாசகர்கள். நாட்குறிப்பு எழுதினால் போதாதா என்று மனைவி கேட்டாள். நாட்குறிப்பில் என்னை நானே எளிதில் நம்பிவிடுகிறேன். எதிரே ஒருவர் படிக்கிறார் என்றால்தான் கூச்சம் வருகிறது.

இவ்விடத்தில் சி.சு. செல்லப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது அவருக்கு 46 வயது. சிறுகதையாளராக ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தார். 2000 படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக்கொண்டே தொடங்கிய இதழ், 1970 வரை 119 இதழ்கள் வந்தது. இதழ் நடத்தியே அவர் விமர்சகரானார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒரு கதை நன்றாயிருக்கிறது என்று சொல்வதோடு நில்லாமல், ஏன் என்று அலசிக் காட்டும் கடமையை மாதந்தோறும் அது அவர்மேல் சுமத்திற்று. என் 25 படிகளை அந்தப் பெருமுயற்சியோடு ஒப்பிடவில்லை. கெடு என்பது சிந்தனைக்கு எத்தனை நல்லது என்று சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன்.

முதல் மடலை எழுதும்போதுதான் ஒன்று புலப்பட்டது. முல்லைப் பாடல்களில் தலைவனும் ஏங்குகிறான். பாசறையில் இருந்து கார்காலத்தை எண்ணுகிறான், தேரை விரைந்து செலுத்தும்படி பாகனிடம் சொல்கிறான். ஏக்கம் இருவருக்கும் பொது. தேர் ஒருவனிடம் மட்டுமே இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியும் இதை நான் கண்டதில்லை.

சற்றுப் பெருமிதத்தோடு அந்த மாணவிக்கும் ஒரு படி கொடுத்தேன். மறுவாரம் வந்து தயங்கியபடி சொன்னாள்: "அம்மாவும் படிச்சாங்க, ஐயா. 'நான் வாசலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்னு யாரு சொன்னா? இந்த வீட்டைக் கட்டி முடிச்சது யாராம்?'னு கேட்டாங்க."

இல்லறத்தை நடத்துவதையும் நச்சினார்க்கினியர் இருத்தலில் அடக்குகிறார். அதையும் ஆண்டுதோறும் நடத்தியவன்தான் நான். இரண்டாம் மடலை அந்த அம்மாள் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கியிருக்கிறேன். இன்னும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை.