பொட்டிக்குள்ள கெடந்த வாக்குமூலம்

சேரிக்காரனுக்குப் பத்திரம் ஏது? வாய்தான் பத்திரம். அந்த வாய்ச்சொல்லைத்தான் 2001இலிருந்து மூணு வருசம், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் கேசட்டில் பதிந்து, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அடித்தோம். 38 பேர். எல்லாம் பஞ்சமி நிலம் பற்றி.

செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்ததும், 1892இல் அரசு நிலம் கொடுக்க முடிவெடுத்ததும், வேறு சாதியாருக்கு விற்கக்கூடாதென்று நிபந்தனை போட்டதும் தோழர்களுக்குத் தெரிந்ததுதான். அந்த நிலத்தைக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். எந்த நிலம் எவன் கைக்கு எப்படிப் போச்சு, எந்தக் கடனுக்கு எங்கே கைநாட்டு வைத்தார்கள் என்று சொன்ன கிழவிகளும் கிழவர்களும் இன்றைக்கு இல்லை. கேசட்டில் பூஞ்சை. மிச்சம் அந்தப் பொட்டி ஒண்ணுதான்.

போன மாசம் ஒரு பொண்ணு வந்தாள். "எங்க ஆயா ஒங்ககிட்ட சொன்னதக் குடுங்கண்ணா, மனு போடணும்." சுவிட்சைப் போட்டால் பொட்டி மூச்சே விடவில்லை. டவுன் கடைக்காரர், "பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க சார்" என்றார். அவருக்கு அது இரும்பு.

அக்கா மகன் டிப்ளமா படித்தவன். "கதவு தொறக்கலன்னா உள்ள நெல்லு கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா மாமா?" என்று கேட்டான். கழற்றிப் பார்த்தால் மதர்போர்டில் கெப்பாசிட்டரெல்லாம் தலை வீங்கிக் கிடக்குது. அந்தக் காலத்து போர்டுகளில் பல இப்படித்தான் செத்தன. ஹார்ட் டிஸ்க் வேறு. 40 ஊசி வைத்த பழைய வகை. அதை யுஎஸ்பியில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் போதும். ஆனால் தனிக் கரண்ட் கொடுக்கணும். பின்னால் இருக்கிற குட்டி ஜம்பரை 'மாஸ்டர்' இடத்தில் வைக்கணுமாம். (ஒரே வாரில் ரெண்டு டிஸ்க் மாட்டினால் ஒண்ணுக்கு ஆண்டை என்று பேர், இன்னொண்ணுக்கு அடிமை. எந்திரத்துக்குள்ளேயும் கொண்டுபோய் இதை வெச்சிருக்கானுங்க.)

டிஸ்க் 'டக் டக்' என்று அடித்தால் உடனே நிறுத்திடணும், திரும்பத் திரும்ப ஓட்டினால் உள்ளதும் போயிடும் என்றான். அடிக்கவில்லை, சுத்தினது. ஆனால் ஒரு ஃபைலையும் தொடவிடவில்லை. பென்டிரைவில் லினக்ஸ் போட்டு, டிடிரெஸ்க்யூ என்கிற புரோகிராமால் டிஸ்க்கை அப்படியே முழுசாகப் படியெடுத்தான். அது நல்ல இடத்தை முதலில் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கிற இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். பழைய டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது. வேலையெல்லாம் படியில்தான்.

ஃபைல் வந்தது, தமிழ் வரவில்லை. திறந்தால் ஒரே கிறுக்கல். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்துருக்காரனும் இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் அவனவன் இஷ்டத்துக்குத் தமிழை உட்காரவைத்தான். 1999இல் அரசு டாம், டாப் என்று தரம் கொண்டுவந்தும் அச்சகத்துக்கு அச்சகம் வேறாகத்தான் இருந்தது. 2010இல்தான் யூனிகோடை அரசு ஏற்றது. நல்லவேளை, நாங்கள் அடித்த எழுத்துருவும் அதே டிஸ்க்கின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் கிடந்தது. அதைப் போட்டதும் ஆயா பேசினாள். "ரெட்டப் பனைக்கு மேக்கால கெணத்துமேடு வரைக்கும் நம்மளுது. பஞ்சத்துல ரெண்டு மரக்கா கேவுருக்கு ஆண்ட எழுதிக்கினான்." அந்தப் பொண்ணு திரையைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். அழவில்லை. "சர்வே நம்பர் சொல்லியிருக்காங்களா?" என்றுதான் கேட்டாள். சொல்லியிருக்கிறாள்.

யூனிகோடுக்கு மாற்றி, கொம்பும் காலும் இடம்மாறினதைத் திருத்தி, காகிதத்திலும் அச்செடுத்தோம். மூணு ஊரில் மூணு படி இருக்கிறது. 38இல் 35 முழுசாக வந்தது. ரெண்டு திறக்கவே இல்லை. ஒண்ணு, "அன்னிக்கி கர்ணம் வந்து" என்பதோடு நின்றுவிட்டது. அந்தப் பெரியவரின் மகன் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். கர்ணம் வந்து என்ன செய்தான் என்று கேட்க வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.