டிசம்பரில் கேட்க வேண்டிய ஒரு விவாதம்

டிசம்பர் பிறந்துவிட்டால் திருக்கனூர் கடைவீதியில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு நடுச்சாமப் பூசைக்குப் போகிறவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் உண்டு. எல்லாக் கட்சித் தலைவர்களும் கேக் வெட்டி வாழ்த்துச் சொல்வார்கள். கிறிஸ்துமஸை வைத்து இந்தப் பக்கத்தில் சண்டை வந்ததாக, எழுபது வயது கடந்த நான் பார்த்ததில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸையும் கிறிஸ்தவத்தையும் பற்றி நம் நாடாளுமன்றத்தில் ஒரு விவாதம் நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எதற்கு என்று சொல்கிறேன்.

நாடாளுமன்றங்கள் கிறிஸ்துமஸைப் பற்றிப் பேசுவது புதிதல்ல. 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே ஒழித்து ஆணை போட்டது. அந்த டிசம்பரில் காண்டர்பரி நகரில் கலவரம் மூண்டது. மன்னராட்சி திரும்பியதும் பண்டிகையும் திரும்பிவிட்டது. பிரான்சில் 1905ஆம் ஆண்டு அரசையும் மதத்தையும் பிரித்துச் சட்டம் செய்தார்கள். நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பதால் ‘லாயிசிதே’ என்ற சொல் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலேயே காதில் விழுந்துவிட்டது. குடிமகன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று அரசு கேட்கக் கூடாது என்பதே அதன் சாரம். அந்தச் சட்டம்கூட விடுமுறை நாட்களில் கை வைக்கவில்லை. நோயல் அங்கே இன்றும் விடுமுறைதான்.

நம் நாட்டில் 2014இல் டிசம்பர் 25ஐ நல்லாட்சி நாள் என்று அறிவித்தார்கள். அன்று பள்ளிக்கூடத்தைத் திறந்து வைக்கப் போகிறார்களா என்று நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது. கட்டுரைப் போட்டி இணைய வழியில்தான், விருப்பமுள்ளவர்கள் கலந்துகொண்டால் போதும் என்று அரசு விளக்கம் தந்தது. அதோடு முடிந்தது.

உருப்படியான விவாதம் என்றால் 1948 டிசம்பர் 6ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நடந்ததைத்தான் சொல்வேன். மதத்தைப் பின்பற்றலாம் சரி, பரப்பவும் உரிமை வேண்டுமா என்பது கேள்வி. ஒரிசாவின் லோகநாத் மிஸ்ரா கூடாது என்று வாதாடினார். கே.எம். முன்ஷியும், நம் பக்கத்து எல். கிருஷ்ணசாமி பாரதியும், கே. சந்தானமும், டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் வேண்டும் என்றார்கள். நால்வருமே இந்துக்கள். பதினான்கு வருஷம் கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரிகளில் படித்தேன், என்னை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்றார் டி.டி.கே. தீண்டாமைக்கு ஆளானவர்கள் கிறிஸ்தவத்துக்குப் போவது அங்கே சமத்துவம் கிடைப்பதால்தான், இங்கேயே அதைக் கொடுத்துவிட்டால் மாற வேண்டிய அவசியம் இராது என்பது அவர் வாதம். ‘பரப்பும் உரிமை’ சட்டத்தில் நின்றது. இன்றைய 25ஆம் பிரிவு அதுதான்.

டி.டி.கே. சொன்ன அந்தச் சமத்துவம் நிஜமாகவே கிடைத்ததா? புதுச்சேரிக்காரர்களாகிய நமக்கு இதில் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745இல் எழுதி வைத்திருக்கிறார். அன்றைய சம்பாக் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் முறையிட்டதன் பேரில் பாதிரியார் சுவரை இடிக்கச் செய்தார். உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் திரண்டு வந்து சண்டை போட்டார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவவில்லை என்பது இருநூற்றெண்பது வருஷத்துக்கு முன்பே நம் ஊரில் பதிவான செய்தி.

ஆனால் அரசாங்கக் காகிதம் வேறு மாதிரிச் சொல்கிறது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து மதத்தைச் சேர்ந்தவர்தான் பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். புதுச்சேரிக்கென்று 1964இல் தனி ஆணை வந்தது. அதிலும் இதே நிபந்தனை உண்டு.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒருநாள் ஒருவர், கல்லூரியில் சேரப்போகும் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு வந்தார். விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் கிறிஸ்தவம் என்று மறைக்காமல் எழுதியிருந்தார். முந்தின வருஷம்தான் அவருடைய அண்ணன் மகனுக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தோம். அண்ணன் ஞானஸ்நானம் வாங்காதவர். “ஐயா, டீக்கடையில எங்க அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி தனித் தம்ளர்தான் வச்சிருந்தான். அவன் மதம் பாத்துத் தம்ளர் குடுக்கலியே” என்றார். விதியை எடுத்துக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கோயிலில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு வாழ்கிறவர்களும் உண்டு. இவர் அதைச் செய்ய மனம் வராதவர். உண்மையை எழுதியதற்குத்தான் அவருக்கு அந்த நஷ்டம்.

நீதிமன்றத்துக்கும் போய்ப் பார்த்தாகிவிட்டது. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கில், மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 2024 நவம்பரில் நம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கு. எழுத்தர் வேலைக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டவர். கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டு, சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. நீதிபதிகளைக் குறை சொல்ல மாட்டேன். இருக்கிற விதியைத்தான் அவர்கள் படிக்க முடியும். விதியை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது.

எதிர்த் தரப்பிலும் நியாயம் உண்டு. சாதியே இல்லை என்று போதிக்கும் மதம் சாதிச் சலுகை கேட்கலாமா என்கிறார்கள். இருக்கிற இட ஒதுக்கீட்டில் இன்னும் பல பேர் பங்குக்கு வந்தால் எங்கள் பிள்ளைகள் கதி என்ன என்று கேட்கும் பட்டியல் இனத்தவர் கவலையும் பொய்யல்ல. சபைகளும் தங்கள் கல்லறைத் தோட்டங்களிலும் தேர்த் திருவிழாக்களிலும் சாதி எப்படி நிற்கிறது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். இத்தனையும் இருப்பதால்தான் விவாதம் வேண்டும் என்கிறேன்.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொல்லி 2007இல் அறிக்கை கொடுத்தது. 2009 டிசம்பரில் அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் இதற்காகத் தீர்மானமே போட்டது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தையும் மத்திய அரசு அமைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முடிவெடுக்க மனமில்லாத கோப்புக்குத்தான் இத்தனை குறிப்புகள் சேரும்.

பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி 178 பேர் கூடி வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். பேசி, எண்ணி, முடிவு செய்வது இந்த மண்ணுக்குத் தெரிந்த வழக்கம். புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர் என்று இரண்டே உறுப்பினர்கள். யாராக இருந்தாலும் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். குளிர்காலக் கூட்டத் தொடர் கிறிஸ்துமஸையொட்டித்தான் வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் தனி உறுப்பினர் தீர்மானங்களுக்கென்று இரண்டரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, 1964ஆம் ஆண்டு ஆணையின் அந்த ஒரு வரியை எடுத்துப் பேசுங்கள். வேண்டாம் என்று முடிவானாலும், காரணத்தை அவையில் எழுந்து நின்று சொல்லட்டும். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு அந்தப் பதிலாவது போய்ச் சேர வேண்டும்.